அலையை வெட்டும் சுவிட்ச்

வீட்டு விளக்கின் ஒளியை விரும்பிய அளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் பொருத்தப்படும் கருவியே டிம்மர். சாதாரண சுவிட்சுக்கு எரிதல், அணைதல் என்னும் இரண்டு நிலைகளே உண்டு. டிம்மரின் குமிழைத் திருப்பி, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எந்த நிலையிலும் விளக்கை நிறுத்திவைக்கலாம். இக்கருவி விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தின் வலிமையைக் குறைக்கிறது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளாக வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கும் டிம்மர் செய்வது அதுவன்று. அது மின்சாரம் பாயும் நேரத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு நொடியிலும் நூறு முறை மின்சாரத்தை நிறுத்தி, நூறு முறை திறந்துவிடுகிறது. எந்த விளக்கு டிம்மரோடு ஒத்துப்போகும், எது மினுக்கும், எது முனகும், மின்விசிறியின் ரெகுலேட்டரை விளக்குக்கு மாட்டலாமா, குமிழை அடிவரை திருப்பிவிட்டால் ஹோல்டரில் கைவைக்கலாமா என்று டிம்மர் பொருத்தும்போது எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்த ஒரே செய்தியிலிருந்து பிறக்கிறது.

ஒளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் தேவை முதலில் எழுந்த இடம் வீடு அன்று, நாடக அரங்கு. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரங்குகளில் எரிவாயு விளக்குகள் இருந்தபோது, வாயுவின் வரத்தைத் திருகிக் குறைத்து மேடையை இருளச் செய்தனர். 1881இல் லண்டனில் திறக்கப்பட்ட சவாய் அரங்கு, முழுக்க மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடமாகக் கருதப்படுகிறது. ஜோசப் ஸ்வான் உருவாக்கிய மின்னிழை விளக்குகள் அங்கே ஏறத்தாழ 1,200 பொருத்தப்பட்டன. வாயு விளக்கு மெல்ல அடங்குவதைப் பார்த்துப் பழகிய மேடைக்கு, சட்டென்று எரிந்து சட்டென்று அணையும் விளக்கு போதவில்லை. ஆகவே விளக்கோடு ஒரே வரிசையில் மின்தடை ஒன்றைச் சேர்த்து, அதன் அளவை மாற்றி ஒளியைக் கூட்டிக் குறைக்கும் முறை கையாளப்பட்டது. மின்தடை என்பது மின்னோட்டத்தை எதிர்த்து அதன் ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும் பொருள். பெரும்பாலும் அது நீண்ட கம்பிச் சுருளாக இருந்தது. சில அரங்குகளில் உப்புநீர் நிரம்பிய சாடிகளே மின்தடைகளாகப் பயன்பட்டன. சாடிக்குள் உலோகத் தகடு ஒன்று அடியில் கிடக்க, மற்றொன்றை மேலிருந்து மெல்ல இறக்கினால், இரண்டுக்கும் இடையிலுள்ள உப்புநீரின் நீளம் குறையக் குறைய விளக்கின் ஒளி கூடிக்கொண்டே வரும். ஒளி மாற்றத்தின் வழவழப்பில் இந்தச் சாடிகளுக்குக் குறையில்லை. ஆனால் நீர் கொதித்தது, ஆவியானது, திறந்த சாடியில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் நின்றது.

மின்தடை முறையின் பெருங்குறை வீண்செலவு. விளக்குக்குச் சேரும் மின்னழுத்தத்தைப் பாதியாக்க வேண்டுமானால், மற்றப் பாதியை மின்தடை தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் பாய்வது ஒரே மின்னோட்டம் ஆதலால், விளக்கு பெறும் ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் மின்தடையில் வெறும் சூடாகக் கழிகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்வரை மின்விசிறிக்கென்று சுவரில் இருந்த, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட பெரிய ரெகுலேட்டர் பெட்டி இதே வகையைச் சேர்ந்தது. விசிறியைக் குறைவான வேகத்தில் வைத்துவிட்டு அப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு நினைவிருக்கும். பின்னர் வந்த மாறும் மின்மாற்றிகள் வெப்பத்தை வீணாக்காமல் மின்னழுத்தத்தைக் குறைத்தன என்றாலும், இரும்பு உள்ளகமும் செம்புச் சுருளும் கொண்ட அவற்றின் எடையும் பருமனும் அரங்குகளுக்குப் பொருந்தினவே தவிர, வீட்டுச் சுவரிலுள்ள கையகலப் பெட்டிக்குள் அடங்கவில்லை.

அந்தச் சிறு பெட்டிக்குள் டிம்மரை நுழைத்தது குறைகடத்தித் துறையின் ஒரு புதுப்பொருள். மின்சாரத்தை முழுமையாகக் கடத்தாமலும் முழுமையாகத் தடுக்காமலும் இடைப்பட்டு நிற்கும் சிலிக்கான் போன்ற பொருள்களே குறைகடத்திகள். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1957இல் உருவான தைரிஸ்டர் என்னும் சிலிக்கான் சாதனம், மூன்று முனைகள் கொண்டது. அவற்றுள் ஒரு முனைக்குச் சிறு மின்துடிப்பைக் கொடுத்தால் மற்ற இரண்டுக்கும் இடையே பெரிய மின்னோட்டம் பாயத் தொடங்கும். இந்தச் சாதனத்தைக் கொண்டு வீட்டு விளக்கின் ஒளியைக் கட்டுப்படுத்தலாம் என்று கண்ட இயற்பியல் அறிஞர் ஜோயல் ஸ்பைரா, 1959இல் நியூயார்க் நகரில் தம்முடைய அடுக்ககத்திலேயே சோதனைகளை நடத்தினார். 1961இல் தம் மனைவி ரூத்துடன் சேர்ந்து அவர் தொடங்கிய லூட்ரான் நிறுவனம் டிம்மரை வீட்டுக்குரிய பொருளாக்கியது. அவருடைய கண்டுபிடிப்புக்கு 1962இல் காப்புரிமை கிடைத்தது. இன்று எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்த எளிய டிம்மரைத் திறந்து பார்த்தாலும் அதன் அடிப்படை இதுவாகவே இருக்கிறது.

தைரிஸ்டரின் தனிச்சிறப்பு, அது திறப்பதைவிட மூடுவதில்தான் இருக்கிறது. ஒருமுறை திறந்துவிட்டால், தூண்டிய துடிப்பு நின்ற பிறகும் அது திறந்தே இருக்கும். தன்னூடாகப் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழப் பூச்சியத்துக்கு இறங்கினால் மட்டுமே தானாக மூடிக்கொள்ளும். நேர்திசை மின்சாரத்தில் இது பெருந்தொல்லை. வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்சாரம். இந்தியாவில் அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறும் அலை. 230 வோல்ட் என்று குறிக்கப்பட்டாலும் அலையின் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொட்டு, பூச்சியத்துக்கு இறங்கி, எதிர்த்திசையில் அதே அளவு சென்று திரும்பும். ஒவ்வொரு அரை அலையும் 10 மில்லிநொடி, அதாவது நொடியின் நூற்றில் ஒரு பங்கு, நீடிக்கிறது. அரை அலைகள் சந்திக்கும் இடத்தில் மின்னோட்டம் பூச்சியமாவதால், மூடும் வேலையை மின்வாரியத்தின் மின்சாரமே நொடிக்கு நூறு முறை செய்துகொடுத்துவிடுகிறது. டிம்மர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு அரை அலையும் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்துத் திறப்பது. உடனே திறந்தால் முழு ஒளி. 5 மில்லிநொடி காத்திருந்து திறந்தால் அலையின் முன்பாதி விளக்குக்குச் சேராது. 9 மில்லிநொடி காத்திருந்தால் அலையின் வால்நுனி மட்டுமே சேரும். வாய்க்காலின் மடையைக் குறுக்காமல், முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும், திறந்திருக்கும் நேரத்தைக் கொண்டே வயலுக்குச் சேரும் நீரை அளப்பது போன்றது இம்முறை. முழுதாகத் திறந்த நிலையில் சாதனத்தின் குறுக்கே ஏறத்தாழ ஒரு வோல்ட்தான் இழக்கப்படும்; முழுதாக மூடிய நிலையில் மின்னோட்டமே இல்லை. ஆகவே 400 வாட் விளக்குச் சுமையைத் தாங்கும்போதுகூட அதில் வெப்பமாகக் கழிவது இரண்டு வாட் அளவே.

தைரிஸ்டர் ஒரு திசையில் மட்டுமே கடத்தும். இரு திசைகளிலும் கடத்தும் அதன் உடன்பிறப்பான டிரையாக் 1960களில் வந்த பின் டிம்மரின் உள்ளமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிதாயிற்று. குமிழோடு இணைந்த மாறும் மின்தடை ஒன்று, மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கி ஒன்று, டயாக் என்னும் சிறு சாதனம் ஒன்று, இவற்றோடு டிரையாக். மொத்த நுட்பமும் இவ்வளவே. அரை அலை தொடங்கியதும் மின்தடையின் வழியாக மின்தேக்கி மெல்ல நிரம்பத் தொடங்கும். அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 32 வோல்ட்டை எட்டியதும் டயாக் திடீரென உடைந்து வழிவிட, அந்தத் துடிப்பு டிரையாக்கைத் திறந்துவிடும். குமிழைத் திருப்பி மின்தடையைக் கூட்டினால் மின்தேக்கி நிரம்ப அதிக நேரமாகும், டிரையாக் தாமதமாகத் திறக்கும், ஒளி குறையும். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 1,00,000 ஓம் மின்தடையும் சேர்ந்தால் அவற்றின் கால அளவு சரியாக 10 மில்லிநொடி, அதாவது ஓர் அரை அலையின் நீளம். வீட்டு மின்சாரத்துக்கு இத்தகைய மதிப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இதுவே. சென்னை ரிச்சி தெருவின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பி.டி.136 என்னும் டிரையாக்கும் டி.பி.3 என்னும் டயாக்கும் இந்தச் சுற்றுக்கென்றே படைக்கப்பட்டவை போலப் பொருந்துகின்றன.

இங்கே ஒரு கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். ஒளியைப் பாதியாக்குவது என்றால் எதைப் பாதியாக்குவது? 100 வாட் குண்டு பல்பு ஒன்றை டிம்மரில் இணைத்து, ஒவ்வொரு அரை அலையிலும் சரியாக 5 மில்லிநொடி தாமதம் வரும்படி குமிழை வைப்பதாகக் கொள்வோம். அலை பாதியாக வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் பயனுறு மின்னழுத்தம், அதாவது சூடேற்றும் ஆற்றலைக் கொண்டு கணக்கிடப்படும் சராசரி, 115 வோல்ட் ஆகிவிடுவதில்லை. 163 வோல்ட்டாக நிற்கிறது. மின்தடை மாறாத பொருளாக இருந்தால் பல்பு 50 வாட் எடுத்துக்கொள்ளும். டங்ஸ்டன் இழையோ குளிரக் குளிர மின்தடை குறையும் தன்மையது, ஆதலால் தோராயமாக 57 வாட் எடுத்துக்கொள்கிறது. அது தரும் ஒளியோ முழு ஒளியில் 31 விழுக்காடு அளவுக்கு விழுந்துவிடுகிறது, ஏனெனில் மின்னிழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாக, ஏறத்தாழ அதன் 3.4 மடிப் பெருக்கத்தில், ஏறி இறங்குகிறது. கருவியால் அளந்த இந்த 31 விழுக்காட்டைக் கண் எப்படி உணர்கிறது என்று பார்த்தால் கணக்கு மீண்டும் மாறுகிறது. இருளிலும் வெயிலிலும் ஒருங்கே இயங்க வேண்டிய கண், ஒளியின் அளவை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. அளந்த ஒளியின் வர்க்கமூலத்தை ஒட்டியே உணரப்படும் ஒளி அமைகிறது என்பது விளக்குப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் விதி. அதன்படி அறையிலிருப்பவர் காண்பது ஏறத்தாழ 55 விழுக்காடு ஒளி.

ஆக, அலையில் பாதி, ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல், ஒளிமானியில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு, கண்ணில் மீண்டும் பாதி. இந்த நான்கும் தற்செயலாகவே கண்ணுக்கு இதமான இடத்தில் வந்து முடிகின்றன என்பது மின்னிழை விளக்கும் டிரையாக் டிம்மரும் பெற்ற பெரும்பேறு. யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் அன்று இது. மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு குண்டு பல்புக்கு டிம்மர் வைப்பவர்கள் இக்கணக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒளி மூன்றில் ஒன்றாகக் குறைந்தபோதும் செலவு பாதிக்கு மேல் நிற்கிறது. அந்தப் பல்புக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம் ஆயுள்தான். மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு குறைத்தாலே டங்ஸ்டன் ஆவியாகும் வேகம் வெகுவாகத் தணிந்து, பல்பின் ஆயுள் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

குமிழின் சுழற்சியிலும் ஒரு சீரின்மை உண்டு. தாமதம் 2.5 மில்லிநொடியாகும்வரை ஆற்றலில் 9 விழுக்காடே குறைகிறது, 7.5 மில்லிநொடிக்கு மேல் எஞ்சியிருப்பதும் அதே 9 விழுக்காடுதான். அலையின் தொடக்கமும் முடிவும் தாழ்ந்தும் நடு உயர்ந்தும் இருப்பதால், நடுப்பகுதியை வெட்டும்போதே மாற்றம் பெரிதாகத் தெரிகிறது. விலை குறைந்த டிம்மர்களில் இதைவிடத் துலக்கமான வேறொரு குறை காணப்படும். குமிழை அடிநிலையிலிருந்து மெல்ல உயர்த்தினால், விளக்கு இருளிலிருந்து படிப்படியாக எழாமல் ஓரிடத்தில் திடீரென நடுத்தர ஒளியோடு எரிந்து நிற்கும். அங்கிருந்து குமிழைப் பின்னோக்கித் திருப்பினால், சற்று முன் இருளாகக் கிடந்த அதே நிலைகளில் இப்போது மங்கலாக எரியும். இது பழுதன்று. டயாக் உடையாதவரை மின்தேக்கி ஒவ்வொரு அரை அலையிலும் முந்தைய அலை விட்டுச்சென்ற எதிர்மின்னூட்டத்தை முதலில் துடைத்துவிட்டுத்தான் நிரம்ப வேண்டும். டயாக் முதன்முறை உடைந்ததும் அந்த மின்னூட்டத்தில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. அடுத்த அலையில் துடைக்க வேண்டியது குறைவு. ஆகவே மின்தேக்கி முன்னைவிட விரைவாக 32 வோல்ட்டை எட்டி, விளக்கு எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக எரிகிறது. இவ்வாறு ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் வேறுபடுவதை இயற்பியலார் தயக்கம் என்று குறிப்பர். இரண்டாவது மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்த நல்ல டிம்மர்களில் இக்குறை பெரும்பாலும் மறைந்துவிடும். கடையில் வாங்குவதற்கு முன் ஒரு விளக்கை மாட்டி, குமிழை அடியிலிருந்து மெல்லத் திருப்பிப் பார்த்தாலே தரம் புலப்பட்டுவிடும்.

அலையை நடுவில் திறப்பதால் விளையும் மற்றொரு தொல்லை ஓசை. பூச்சியத்திலிருந்து உச்சிக்கு அருகே மின்னழுத்தம் மைக்ரோநொடிகளில் தாவும்போது, பல்பின் இழை அதிர்ந்து மெல்லிய முனகலை எழுப்புகிறது. அதே தாவல் வானொலி அலைகளாகவும் சிதறி, பக்கத்திலுள்ள மத்திய அலை வானொலியில் கரகரப்பாகக் கேட்கிறது. இதைத் தணிக்கத்தான் தரமான டிம்மர்களில் கம்பி சுற்றிய சிறு வளையம் ஒன்று, மின்தூண்டி என்னும் பெயரில், டிரையாக்குடன் வரிசையாக வைக்கப்படுகிறது. விலையைக் குறைக்க முற்படுவோர் முதலில் நீக்கிவிடுவதும் அதையே.

இதுவரை சொல்லப்பட்ட பொருத்தமெல்லாம் மின்னிழை விளக்கைச் சார்ந்தது. எல்.இ.டி. விளக்கு அந்தப் பொருத்தத்தைக் குலைத்துவிட்டது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோருக்கு 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது; அடுத்த ஆண்டே இந்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குச் சென்றன. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட்டில் செய்யும் இவ்விளக்கு, உள்ளே ஒரு மின்னணுச் சுற்றைக் கொண்டது. டிரைவர் எனப்படும் அந்தச் சுற்று மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, எல்.இ.டி.களுக்கு மாறாத மின்னோட்டத்தை ஊட்டுகிறது. ஊரில் மின்னழுத்தம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் ஒளி மாறக்கூடாது என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே டிம்மர் அலையை வெட்டிக் குறைக்கும்போது, டிரைவர் அதை மின்னழுத்தக் குறைவாகக் கருதி ஈடுகட்ட முயல்கிறது. குமிழைப் பாதிவரை திருப்பியும் ஒளி குறையாமல் நின்று, பிறகு ஒரேயடியாக மினுக்கி அணையும் விளக்குகளில் நிகழ்வது இந்த இழுபறியே.

டிரையாக்கின் பக்கமும் சிக்கல் இருக்கிறது. திறந்த டிரையாக் திறந்தே இருக்க வேண்டுமானால் குறைந்தது சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமாவது அதனூடாகப் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும். 60 வாட் குண்டு பல்பில் ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் பாய்வதால் இந்நிபந்தனை எளிதில் நிறைவேறிவிடும். 9 வாட் எல்.இ.டி.யோ சராசரியாக 40 மில்லி ஆம்பியர் அளவே எடுத்துக்கொள்கிறது. அதையும் அலை முழுவதும் சீராக எடுக்காமல், உள்ளிருக்கும் மின்தேக்கி நிரம்பும் சிறு பொழுதில் மொத்தமாக இழுத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஓய்ந்த கணமே டிரையாக் மூடிக்கொள்ள, சுற்று மீண்டும் நிரம்பி மீண்டும் தூண்ட, விளக்கு துடிக்கத் தொடங்குகிறது. குண்டு பல்பாக இருந்திருந்தால் இந்தத் துடிப்பு கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை காய்ந்த டங்ஸ்டன் நூற்றில் ஒரு நொடிக்குள் குளிர்ந்துவிடாது. எல்.இ.டி. மைக்ரோநொடிகளில் எரிந்து அணைவதால், மின்சாரத்தின் ஒவ்வொரு தடுமாற்றமும் அப்படியே ஒளியாக வெளிப்பட்டுவிடுகிறது. குமிழை அடிவரை திருப்பி அணைத்துவிட்ட பிறகும் சில எல்.இ.டி. விளக்குகள் இருட்டில் மெல்லிய ஒளியோடு மின்னுவதற்குக் காரணம், டிரையாக்கைப் பாதுகாக்க அதன் குறுக்கே வைத்த மின்தேக்கியின் வழியே கசியும் சிறு மின்னோட்டம்.

தீர்வு இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. உறையில் டிம்மருக்கு ஏற்றது என்று தெளிவாக அச்சிடப்பட்ட எல்.இ.டி. விளக்குகளின் டிரைவர், அலை எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப எல்.இ.டி.யின் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. டிம்மரின் பக்கத்தில், அலையின் முன்பகுதியை வெட்டாமல் பின்பகுதியை வெட்டும் வகை உருவாகியுள்ளது. இது ஒவ்வொரு அரை அலையின் பூச்சியத்திலும் திறந்து, மின்னழுத்தம் அலையோடு இயல்பாக ஏறவிட்டு, வேண்டிய இடத்தில் மூடுகிறது. நடுவில் மூடும் திறன் டிரையாக்குக்கு இல்லாததால் இதில் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் பயன்படுகிறது. திடீர்த் தாவல் இல்லாததால் எல்.இ.டி.யின் மின்தேக்கிக்கு அதிர்ச்சியில்லை, ஓசையும் குறைவு. இரும்பு உள்ளக மின்மாற்றியோடு கூடிய பழைய 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகளுக்கு மட்டும் இவ்வகை ஆகாது. மின்தூண்டிச் சுமையில் மின்னோட்டத்தை நடுவில் அறுத்தால் மிகையழுத்தம் எழும். பொய்க்கூரையில் ஒட்டும் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டைகளுக்குச் சுவர் டிம்மரே வேண்டியதில்லை; மின்வழங்கிக்கும் பட்டைக்கும் இடையே, நேர்திசைப் பக்கத்தில், அதற்கான சிறு கட்டுப்பாட்டுக் கருவியை வைப்பதே முறை. சோக் கொண்ட பழைய குழல்விளக்கு எந்த வகைக்கும் இணங்காது.

நிறத்திலும் வேறுபாடு தோன்றுகிறது. குண்டு பல்பு மங்கும்போது இழையின் வெப்பநிலை இறங்குவதால் ஒளி பொன்மஞ்சளாகி, பின் செம்மை படர்கிறது. மாலைப் பொழுதோடும் நெருப்போடும் பழகிய மனிதக் கண்ணுக்கு அந்த மாற்றம் இயல்பாகத் தோன்றுகிறது. எல்.இ.டி. மங்கினாலும் அதே நிறத்தில்தான் மங்கும். வெண்ணிற எல்.இ.டி.யை மிகவும் குறைத்து வைத்த அறை சாம்பல் பூத்தாற்போலத் தோன்றுவது இதனால்தான். ஆகவே டிம்மரோடு பயன்படுத்தும் எல்.இ.டி.யைத் தொடக்கத்திலேயே மஞ்சள் சார்ந்த, 2,700 கெல்வின் அளவிலான நிறத்தில் வாங்குவது நல்லது.

மின்விசிறி ரெகுலேட்டரையும் டிம்மரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தும் பழக்கம் தவறானது. தோற்றத்தில் இரண்டும் ஒரே குமிழ், ஒரே அளவு. ஆனால் இன்று பரவலாக உள்ள படிநிலை ரெகுலேட்டர் மின்தேக்கிகளால் ஆனது. அது அலையை வெட்டாமல் மொத்தமாகச் சிறிதாக்குவதால்தான் விசிறி ஓசையின்றிச் சுழல்கிறது. அதன் மின்தேக்கிகள் விசிறி மோட்டாருக்கென்று கணக்கிடப்பட்டவை ஆகையால் எல்.இ.டி.யை முறையாகக் கட்டுப்படுத்தா. விளக்கு டிம்மரை விசிறிக்கு வைத்தால், வெட்டுண்ட அலை மோட்டாரில் உறுமலையும் மிகைச் சூட்டையும் உண்டாக்கும். பிளக் பாயிண்டை டிம்மரின் கட்டுப்பாட்டில் விடுவது இதைவிடக் கேடானது, ஏனெனில் நாளை அதில் யார் எதைச் செருகுவார்கள் என்பதை யாரும் அறியார்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் பொருத்தும் வேலை சிறிது, எச்சரிக்கை பெரிது. வயரிங்கில் கைவைப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை என்றாலும், என்ன செய்யப்படுகிறது என்பதை வீட்டார் அறிந்திருப்பது அவர்களைக் காக்கும். முதலில் மின்பெட்டியில் அந்தச் சுற்றின் எம்.சி.பி. அணைக்கப்பட வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இது போதாது. மெயினை அணைத்த மறுநொடியே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே சுவிட்ச் போர்டுக்கு 230 வோல்ட்டை அனுப்பும், ஆதலால் இன்வெர்ட்டரையும் நிறுத்தி அதன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் டெஸ்டரை மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, வேலை செய்ய வேண்டிய முனைகளில் வைத்துப் பார்த்து, மீண்டும் பழைய இடத்தில் சரிபார்க்க வேண்டும். எரியாத டெஸ்டர் மின்சாரம் இல்லை என்பதைக் காட்டலாம், டெஸ்டரே கெட்டுவிட்டது என்பதையும் காட்டலாம். வயரின் நிறத்தை மட்டும் நம்புவதும் கூடாது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை எர்த்துக்கும் உரியவை என்பது இந்திய வழக்கம். பழைய வீடுகளில் அவரவர் கைக்குக் கிடைத்த வயரைக் கொண்டு இணைத்திருப்பதும் உண்டு.

மாடுலர் போர்டின் முன்தகட்டைக் கழற்றினால் உள்ளே விளக்கின் சுவிட்ச் தெரியும். அதன் ஒரு முனைக்கு ஃபேஸ் வருகிறது; மறுமுனையிலிருந்து விளக்குக்கு வயர் போகிறது. இந்தப் போகும் வயரைக் கழற்றி டிம்மரின் ஒரு முனையில் கொடுத்து, சுவிட்சின் காலியான முனையைச் சிறு வயரால் டிம்மரின் மறுமுனையோடு இணைத்தால் வேலை முடிந்தது. ஃபேஸ், சுவிட்ச், டிம்மர், விளக்கு, பிறகு நியூட்ரல் என்பதே வரிசை. இரண்டு முனை டிம்மரில் நியூட்ரலுக்கு இடமே இல்லை. அது தனக்குத் தேவையான சிறு மின்சாரத்தையும் விளக்கின் வழியாகவே பெறுகிறது. தவறாக ஒரு முனையில் ஃபேஸையும் மறுமுனையில் நியூட்ரலையும் கொடுத்தால், டிரையாக் திறக்கும் முதல் கணத்திலேயே அது குறுக்குச் சுற்றாகி வெடித்துவிடும். திருகுகளை இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்ப்பதும், செம்பு இழைகள் எதுவும் முனைக்கு வெளியே துருத்திக்கொண்டிராமல் முறுக்கி நுழைப்பதும் வேலையின் தரத்தைக் காட்டும்.

சுவிட்சை எடுத்துவிட்டு டிம்மரை மட்டும் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. மூடிய டிரையாக் என்பது திறந்த இடைவெளியன்று. குமிழ் அடிநிலையில் இருக்கும்போதும் ஹோல்டரில் ஃபேஸின் மின்னழுத்தம் கசிந்து நிற்கும். இரண்டு உலோக முனைகளை உண்மையாகவே விலக்கிப் பிரிக்கும் சுவிட்ச் ஒன்று, டிம்மருக்குள்ளேயோ அதற்கு முன்னோ, இருந்தே ஆகவேண்டும். பல்பை மாற்றும்போது அதை அணைப்பதோடு எம்.சி.பி.யையும் இறக்கிவிடுவது பாதுகாப்பு. சுமையைப் பொறுத்தவரை, டிம்மரில் 400 வாட் என்று இருந்தால் அது பெரும்பாலும் மின்னிழை விளக்குக்கான அளவு. எல்.இ.டி.க்குரிய அளவு அதைவிட மிகக் குறைவாகவும் தனியாகவும் குறிக்கப்பட்டிருக்கும், ஏனெனில் எல்.இ.டி.யின் மின்தேக்கி ஒவ்வொரு அரை அலையிலும் இழுக்கும் உச்ச மின்னோட்டம் அதன் வாட் அளவு காட்டுவதைவிடப் பல மடங்கு. ஒரே பெட்டியில் பல டிம்மர்களை நெருக்கி வைத்தால் சூடு வெளியேற வழியின்றி ஒவ்வொன்றின் தாங்குதிறனும் குறையும்.

பிற்காலத்தில் எழும் பழுதுகளையும் இதே அறிவைக்கொண்டு இனங்காணலாம். குமிழை எப்படித் திருப்பினாலும் விளக்கு முழு ஒளியில் எரிந்தால், டிரையாக் உருகிக் குறுக்குச் சுற்றாகியிருக்கிறது. குண்டு பல்பு பியூஸ் போகும் கணத்தில் இழையின் முனைகளுக்கிடையே எழும் மின்வில் பெரும்பாலும் இதற்குக் காரணம். கண்ணுக்கு உறுத்தும்படி சீராகத் துடித்தால், அலையின் ஒரு திசையில் மட்டும் டிரையாக் திறக்கிறது என்று கொள்ளலாம். நொடிக்கு நூறாக இருக்க வேண்டிய துடிப்பு ஐம்பதாகிவிட்டதையே கண் உணர்கிறது.

பொருத்தி முடித்த டிம்மரை அன்றிரவே ஒருமுறை அளந்து அமைக்க வேண்டும். எல்.இ.டி.க்குரிய டிம்மர்களில் குமிழுக்குப் பக்கத்திலோ அடியிலோ மிகச் சிறிய திருகு ஒன்று இருக்கும். அடிநிலையில் விளக்கு எவ்வளவு மங்கலாக எரியலாம் என்பதை அது வரையறுக்கிறது. குமிழை அடிக்குக் கொண்டுவந்து, விளக்கு தடுமாறத் தொடங்கும்வரை அத்திருகைக் குறைத்து, தடுமாற்றம் நின்று சற்று மேலே வரும்படி உயர்த்தி வைக்க வேண்டும். பிறகு சுவிட்சை அணைத்துச் சில நொடிகள் கழித்து, குமிழைத் தொடாமலேயே மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் எரிந்துகொண்டிருந்த விளக்கு தாங்கும் அடிநிலையும், அணைந்திருந்த விளக்கு எழக்கூடிய அடிநிலையும் ஒன்றல்ல. எழவில்லையென்றால் திருகை இன்னும் சற்று உயர்த்தலாம். மாலை நேரங்களில் மின்னழுத்தம் தாழும் பகுதிகளில் அதற்கும் மேல் சிறிது இடம் விட்டுவைத்தால், விளக்கு எந்நேரமும் தடையின்றி எரியும்.